எந்தக் கண்ணை மூடும்போது அழுதாள்?

1. முதல் நாள் கடி

தொண்ணூற்றாறு ஜூன் மாதம் தேனியில் ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். மதுரையில் இரண்டு வருஷம் கண் பரிசோதனைப் படிப்பு முடித்த கையோடு வந்த வேலை. பவர் பார்ப்பது, சொட்டு மருந்து விடுவது, டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் கேஸ் ஷீட்டை நிரப்பி வைப்பது, இதெல்லாம் என் பொறுப்பு. வீடு பழனிசெட்டிபட்டி. டவுன் பஸ்ஸில் பத்து நிமிஷம்.

முதல் நாள் காலை பதினொரு மணி ஆவதற்குள் மூன்று வயதுப் பையன் ஒருவன் என் ஆள்காட்டி விரலைக் கடித்துவிட்டான். பல் பதிந்த கடி. சொட்டு விடுவதற்காக அவன் இமையை விரித்துப் பிடித்திருந்தேன். அவன் அம்மா, "ஏலே, விடுலே, அக்கா பாவம்லே" என்று அவன் முதுகில் இரண்டு வைத்தாள். அவன் விடவில்லை. இன்னும் அழுத்தினான்.

மத்தியானம் டாக்டரம்மா கூப்பிட்டார். அந்த ஆஸ்பத்திரியில் எல்லாமே அவர்தான். அதிகம் பேசமாட்டார், பேசினால் தைக்கும்.

"கடிச்சிட்டானாமே?"

"ஆமா மேடம்."

"வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கிட்டு, தலைக்கு மேல நின்னு, கண்ணைப் பிடிச்சு விரிச்சா நான்கூடக் கடிப்பேன்."

அவ்வளவுதான் பயிற்சி. மறுநாளிலிருந்து குழந்தைகள் வந்தால் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவேன். முக்காலியில் உட்கார்ந்து, என் முகம் குழந்தையின் முகத்துக்கு நேராக வரும்படி பார்த்துக்கொள்வேன். மருந்து என்ற சொல்லை வாயிலேயே எடுப்பதில்லை. சொட்டு பாட்டிலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தால் சில்லென்று இருக்காது. குழந்தையைப் படுக்கவைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மூக்கோரத்துக் கண் முனையில் ஒரு சொட்டு வைத்துவிட்டு, "இப்பத் தெறந்து பாரு, மேல பல்லி இருக்கா?" என்று கேட்டால் போதும். கண்ணைத் திறக்கும்போது சொட்டு தானாக உள்ளே போய்விடும். டார்ச் அடித்தால் பயப்படுகிறதா? "ஊதி அணைச்சிரு பாப்போம்" என்பேன். குழந்தை ஊதும், நான் பட்டனை அமுக்குவேன். நாலு தடவை அணைத்த குழந்தைக்கு டார்ச் தன்னுடையது ஆகிவிடும்.

இரண்டு வருஷத்தில் எனக்கு 'கண்ணு டீச்சர்' என்று பேர் வந்துவிட்டது. போடி, சின்னமனூர், கம்பம் பக்கமிருந்து வருகிறவர்கள், "அந்தக் கண்ணு டீச்சர் இருக்காகளா?" என்று கேட்டுவிட்டுத்தான் டோக்கன் போடுவார்கள். என் அறையிலிருந்து அழுகைச் சத்தம் வராது என்பதில் எனக்கு அத்தனை பெருமை. தலை நன்றாகவே கனத்துப் போயிருந்தது. அதை இறக்கி வைத்தவள் காமயகவுண்டன்பட்டியிலிருந்து வந்த ஒரு நாலு வயதுப் பெண்.

2. மாமன் மடி

பேர் காவியா. கண் அரிக்கிறது, சிவக்கிறது என்று கூட்டிவந்திருந்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் லேசாக ஒட்டியிருந்தது. காதில் புதுத் தோடு. கூட அம்மா முருகேஸ்வரியும், முருகேஸ்வரியின் தம்பி செல்லப்பாண்டியும். செல்லப்பாண்டி திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவர். கல்யாணம் ஆகாதவர். அக்கா மகள் மேல் உயிரையே வைத்திருந்தார். காவியாவின் அப்பா மூணாறு பக்கம் லாரி ஓட்டிக்கொண்டிருந்ததால் ஆஸ்பத்திரிக்கு, கடைக்கு, எதற்கும் மாமன்தான்.

குழந்தையை ஆம்பிளை ஆள் யாராவது மடியில் வைத்துக்கொண்டால் எனக்கு வசதி. தலை அசையாது, பிடியும் உறுதியாக இருக்கும். வழக்கம்போலச் சொன்னேன்:

"காவியாக் குட்டி, மாமா மடியில உக்காருங்க. ஒரு வெளையாட்டுக் காட்டுறேன்."

அவ்வளவுதான். அவள் போட்ட சத்தத்தில் வெளியே மருந்துக் கவுண்டரில் இருந்தவர் எழுந்து வந்துவிட்டார். நான் இன்னும் ஒரு கருவியைக்கூடக் கையில் எடுக்கவில்லை. டார்ச், பொம்மை, பல்லி எதுவும் எடுபடவில்லை. அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொண்டு காது இரண்டையும் கையால் பொத்திக்கொண்டாள். கண் ஆஸ்பத்திரியில் காதைப் பொத்துகிற குழந்தையை அன்றுதான் பார்த்தேன்.

முருகேஸ்வரிதான் சொன்னாள். "அஞ்சு நாளைக்கு முன்னாடி கொலசாமி கோயில்ல மொட்டையெடுத்துக் காது குத்துனோம் சிஸ்டர். தாய்மாமன் மடிதானே? இவன் மடியிலதான் உக்கார வச்சோம். அதுலருந்து இவன் உக்காந்தாலே இவ எந்திரிச்சு ஓடிர்றா."

செல்லப்பாண்டி சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "முட்டாயி குடுத்தா வாங்கிக்கிறா சிஸ்டர். வாங்கிட்டு அங்கன போயி நின்னு திங்கிறா. பக்கத்துல வரமாட்டேங்கிறா."

பாவம் அந்த மனுஷன். தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவந்து, புது வேட்டி கட்டி, ஊர் பார்க்க அவளை மடியில் வைத்திருக்கிறார். அவருக்கு அது பெருமை. அவளுக்கோ முதலில் கத்தி, பிறகு ஊசி. அந்த மடியில் உட்காரச் சொன்னால் அடுத்து என்ன வருமோ என்று அவள் அலறியதில் தப்பே இல்லை.

அன்று டாக்டரம்மா தூரத்திலிருந்தே கண்ணைப் பார்த்து, அலர்ஜிக்குச் சொட்டு எழுதி, பார்வைப் பரிசோதனைக்கு ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். கேஸ் ஷீட்டில் பார்வை எழுத வேண்டிய கட்டத்தில் நான் ஆங்கிலத்தில் 'அன்கோஆப்பரேட்டிவ்' என்று எழுதினேன். ஒத்துழைக்கவில்லை என்று அர்த்தம். எங்கள் தொழிலில் தினமும் எழுதுகிற வார்த்தை.

நான் கண்டுபிடித்த விஷயத்தை அந்த வாரம் முழுக்க எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சின்னப் பிள்ளை வந்தால் முதலில் காதைப் பார்க்க வேண்டும், புதுத் தோடு என்றால் மாமன் மடி கூடாது. இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத, நம் ஊருக்கு மட்டுமே தேவைப்படுகிற விதி. நிஜமாகவே வேலை செய்தது. அடுத்து வந்த இரண்டு, மூன்று குழந்தைகள் அம்மா மடியில் சமத்தாக உட்கார்ந்து சோதனை முடித்துப் போனார்கள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

3. கதவிடுக்கில் ஒரு முகம்

ஒரு மாதம் கழித்து காவியா வந்தாள். தலையில் முடி முளைத்து முள் முள்ளாக நின்றது. நான் தயாராக இருந்தேன்.

"மாமா வெளியவே இருக்கட்டும்" என்றேன். செல்லப்பாண்டி வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

எழுத்துத் தெரியாத குழந்தைகளுக்குப் படச் சார்ட் உண்டு. மேலே பெரிய படம், கீழே வர வரச் சின்னதாகும். அம்மா மடியில் அவளை உட்கார வைத்து, கரண்டி மாதிரி இருக்கும் கறுப்பு மூடியால் இடது கண்ணை மூடினேன். குடை, கோழி, வீடு, மீன் என்று கடகடவென்று சொன்னாள். கடைசிக்கு முந்தின வரிசை வரைக்கும் வந்துவிட்டாள். கை தட்டினேன். அவளும் தட்டினாள்.

அடுத்து வலது கண்ணை மூடினேன். "வேணாம்" என்று மூடியைத் தட்டிவிட்டாள். மறுபடி வைத்தேன். உதட்டைப் பிதுக்கினாள். மூன்றாம் முறை அழுதேவிட்டாள். என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்த்தால், கதவிடுக்கில் செல்லப்பாண்டியின் முகம்.

எனக்கு வந்ததே கோபம். "நீங்க ஏன் எட்டிப் பாக்குறீக? உங்களைப் பாத்துத்தான் பிள்ள அழுகுது. வெளிய டீக்கடையில போயி இருங்க, கூப்பிடுறப்ப வந்தாப் போதும்."

"நான் ஒண்ணுஞ் செய்யல சிஸ்டர். சும்மா பாத்துக்கிட்டுத்தான்…"

"பாத்ததே தப்பு. போங்க."

அவர் போனார். படி இறங்கும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அவர் போன பிறகும் காவியா அழுதாள். மூடியை எடுத்தால் சிரித்தாள், வைத்தால் அழுதாள். அழவைக்க மனசு வரவில்லை. பேரைக் காப்பாற்ற வேண்டுமே என்ற எண்ணமும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். "சரிடா கண்ணு, ரெண்டு கண்ணையும் தெறந்தே சொல்லு" என்றேன். சிரித்துக்கொண்டே எல்லாப் படமும் சொன்னாள். கேஸ் ஷீட்டில் வலது கண்ணுக்கு 6/9, அதாவது கடைசிக்கு முந்தின வரிசை, என்று போட்டேன், இரண்டு கண்ணும் சேர்த்து 6/9 போட்டேன். இடது கண்ணுக்கு நேரே பழையபடி 'அன்கோஆப்பரேட்டிவ்'. ஆறு மாதம் கழித்து வரவும் என்று பென்சிலில் குறித்து டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். முருகேஸ்வரியும் காவியாவும் என் பின்னாலேயே வந்தார்கள்.

"லெஃப்ட் ஐ ஏன் இல்ல?"

அந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். குலசாமி கோயில், மொட்டை, மடி, கதவிடுக்கு என்று முழுக் கதையையும் ரசித்துச் சொன்னேன்.

"கதை நல்லாயிருக்கு. எந்தக் கண்ணை மூடும்போது அழுதா?"

"வலது, மேடம்."

"இடதை மூடும்போது?"

"அழல."

"மாமன் எப்ப எட்டிப் பார்க்க ஆரம்பிச்சார்?"

அதற்கு முருகேஸ்வரி பதில் சொன்னாள். "அவன் மொதல்லருந்தே அங்கனதான் மேடம் நின்னான். இவ கோழி சொல்றப்பவே பாத்துச் சிரிச்சானே."

டாக்டரம்மா மேஜை மேலிருந்த சாவிக் கொத்தை எடுத்துக் காவியாவின் முன்னால் ஆட்டினார். கட்டைவிரலால் அவள் இடது கண்ணை மறைத்தார். குழந்தை சாவியையே பார்த்துக்கொண்டிருந்தது. வலது கண்ணை மறைத்தார். கையைத் தள்ளியது. இப்படி மூன்று தடவை. மூன்று தடவையும் அதே மாதிரி.

"இவ அழல. சொல்லிக்கிட்டு இருக்கா. நல்லாத் தெரியுற கண்ணை மூடிட்டா ஒண்ணும் தெரியலன்னு நாலு வயசுப் பிள்ளை வேற எப்படிச் சொல்லும்?"

விஷயம் இதுதான். சில குழந்தைகளுக்கு ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமாக இருக்கும். வெளியே பார்த்தால் இரண்டு கண்ணும் ஒரே மாதிரி, மாறுகண்ணும் இருக்காது. மூளை தெளிவான கண்ணை வைத்தே வேலையை ஓட்டிக்கொண்டு மங்கலான கண்ணைக் கைவிட்டுவிடும். சோம்பேறிக் கண் என்போம். கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைத்தால் சோம்பேறிக் கண் பார்க்கப் பழகும். அதையும் சின்ன வயதிலேயே செய்ய வேண்டும். ஏழெட்டு வயது தாண்டத் தாண்டக் கஷ்டம். நான் பென்சிலில் குறித்த அந்த ஆறு மாதம், பிறகு அறுவடை, திருவிழா என்று ஒரு வருஷம் ஆகும். வலது கண் நன்றாகத் தெரிகிற பிள்ளையை யார் மறுபடி கூட்டிவரப் போகிறார்கள்? அந்தக் கண் அப்படியே போயிருக்கும். என் அறையில் யாரும் அழாமலேயே போயிருக்கும்.

டீக்கடைக்கு நானே போனேன். செல்லப்பாண்டி டீ வாங்காமல் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். "அண்ணே, தப்பு என் மேலதான். அவ உங்களைப் பாத்து அழல" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப என்னயப் பாத்து அழலயா?" என்றார். முகம் ஒரு விநாடி மலர்ந்தது. அடுத்த விநாடி மீதி விஷயம் மண்டைக்குள் போய் எழுந்து நின்றுவிட்டார். "கண்ணு தெரியலயா அவளுக்கு? எங்காவியாவுக்கா?"

4. மருந்தடிக்காத கொடி

கண்மணியை விரிக்கிற அட்ரோபின் ஆயின்மென்ட்டை மூன்று நாள் போட்டு வரச் சொல்லி, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பவர் அளக்கும் ரெட்டினாஸ்கோப்பில் பார்த்தோம். இடது கண்ணில் ப்ளஸ் ஐந்து, பெரிய பவர். கண்ணாடி போட்டும் சார்ட்டின் மேல் வரிசைப் படம் மட்டும்தான் தெரிந்தது. கண்ணாடியோடு, வலது கண்ணை மறைத்து ஒட்டுவதற்கு பேட்ச்சும் கொடுத்து அனுப்பினோம்.

இரண்டு வாரத்தில் முருகேஸ்வரி அழுதுகொண்டு வந்தாள். "அரை மணி நேரம் நிக்க மாட்டேங்குது சிஸ்டர். பிச்சு எறிஞ்சிடுறா. தெருவுல பிள்ளைக 'ஒத்தக்கண்ணி'ன்னு கூப்பிடுதுக. எனக்கே வேணாமுன்னு ஆகிப்போச்சு."

என் பையிலிருந்த வித்தைகள் எல்லாம் பத்து நிமிஷ வித்தைகள். மாதக்கணக்கில் ஒரு குழந்தையை ஒத்துழைக்க வைப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. அதை வெளிப்படையாகவே சொன்னேன்.

செல்லப்பாண்டி யோசித்தார். "எனக்கு ஒண்ணு ஒட்டிவிடுங்க. அவளுக்கு எப்பிடி இருக்குன்னு பாப்போம்."

வலது கண்ணில் ஒட்டினேன். சுற்றிப் பார்த்துவிட்டு, "எனக்கு நல்லாத்தானே தெரியுது?" என்றார்.

"உங்களுக்கு ரெண்டும் நல்ல கண்ணுண்ணே. இருங்க." லென்ஸ் மாற்றி மாற்றிப் பார்க்கும் டிரையல் ஃபிரேமை மாட்டி, இடது கண்ணுக்கு ப்ளஸ் ஐந்து லென்ஸைப் போட்டேன். "இப்ப நடங்க."

பத்தடி நடப்பதற்குள் அவர் கை சுவரைத் தேடியது. எதிரே வந்த ஆயாவை யாரென்று தெரியாமல் வழிவிட்டு ஒதுங்கினார். திரும்பி வந்து ஃபிரேமைக் கழற்றிக் கொடுத்தார்.

"இப்பிடி வச்சுக்கிட்டா இவ்வளவு நாளும் அது இருந்துச்சு? இதுல ஓடி வெளையாடச் சொன்னா எப்பிடி ஓடும்?" என்றார். பிறகு காவியாவிடம், "ஆத்தா, நீ ஓட வேணாம். நாம உக்காந்தே வேல பாப்போம்" என்றார்.

அந்த வேலை என்னவென்று அடுத்த மாதம்தான் தெரிந்தது. திராட்சைக் கொத்துக்குள் சுருங்கின பழம், வெடித்த பழம் இருக்கும். பெட்டியில் அடுக்குவதற்கு முன்னால் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கிள்ள வேண்டும். கிட்டத்தில் வைத்துக் கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். சோம்பேறிக் கண்ணுக்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. அவர் பேட்ச் ஒட்டிய காவியாவைச் சாயங்காலத்தில் பந்தலடியில் பாய் விரித்து உட்காரவைத்து, ஒரு கொத்தைக் கையில் கொடுத்திருக்கிறார். தன் கண்ணிலும் ஒரு பேட்ச்.

"மருந்தடிக்காம ஒரு கொடிய அவளுக்குன்னே விட்டுட்டேன் சிஸ்டர். கிள்ளுறது பாதி, திங்கிறது பாதி. மொதலாளி கேட்டாக. கண்ணு வைத்தியம்னு சொன்னேன், சிரிச்சுட்டுப் போயிட்டாக."

"பேட்சைப் பிச்சுப் போடலயா?"

"பிச்சா நானும் பிச்சுருவேன்னு சொல்லியிருக்கேன். அவதான் மெரட்டுறா இப்ப, 'மாமோய், ஒட்டு'ன்னு."

பாயில் கிடந்த கொத்துகள் முடிந்ததும் பந்தலில் தொங்கும் கொத்துதான் வேண்டும் என்றாளாம். எட்டவில்லை. மடிக்கு வராத பிள்ளை அன்றைக்கு மாமன் தோளில் ஏறியிருக்கிறது. இதைச் சொல்லும்போது செல்லப்பாண்டி என்னைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

மூன்று மாதத்தில் மேலிருந்து இரண்டாவது வரிசை. பிறகு மூன்றாவது. ஒரு தடவை பேட்ச் போட்டு அலர்ஜி வந்து ஒரு மாதம் நின்றுபோனதில் ஒரு வரிசை பின்னால் போனது. அன்று முருகேஸ்வரியைவிட நான்தான் அதிகம் இடிந்துபோனேன். மறுபடி பிடித்தோம். அஞ்சாவது வயசுப் பரிசோதனைக்கு வந்தபோது நான் "உக்காருங்க" என்று சொல்வதற்குள் காவியா செல்லப்பாண்டியின் மடியில் ஏறி உட்கார்ந்து, "ம், ஆரம்பிங்க" என்றாள். அவர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையையும் காற்றில் தூக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எனக்குச் சார்ட் மங்கலாகத் தெரிந்தது. என் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது.

5. பழைய கேஸ் ஷீட்

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். குழந்தையின் அழுகையை நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள், அவசியம்தான். அதற்கு முன்னால் எப்போது அழுதது, எந்தக் கண்ணை மூடும்போது அழுதது, எதை எடுத்ததும் நிறுத்தியது என்று எழுதிவையுங்கள். நான் அன்றிலிருந்து 'அன்கோஆப்பரேட்டிவ்' என்ற வார்த்தையை எழுதியதில்லை. அந்த இடத்தில், 'வலது கண்ணை மூடினால் தள்ளுகிறாள், இடது கண்ணை மூடினால் தள்ளவில்லை' என்று முழுசாகத் தமிழில் எழுதுவேன். ஷீட்டில் இடம் பத்தாது என்று ரெக்கார்ட் ரூமில் திட்டுவார்கள். திட்டட்டும்.

இரண்டாயிரத்து ஒன்பதில் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பழைய ஷீட்டுகளையெல்லாம் எடுத்து வைத்துப் பதிந்துகொண்டிருந்தோம். அப்போது காவியா வருஷாந்திரப் பரிசோதனைக்கு வந்தாள். பதினாலு வயது, இரட்டைச் சடை, கண்ணாடி. கூட செல்லப்பாண்டியும், அவருடைய மூன்று வயது மகனும். பையன் காதில் புதுக் கடுக்கன்.

நான் அந்தப் பையனோடு டார்ச் ஊதிக்கொண்டிருந்தபோது, காவியா மேஜையில் கிடந்த தன் பழைய ஷீட்டைப் புரட்டினாள். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, இங்கன அன்கோஆப்பரேட்டிவ்னு ரெண்டு தடவ போட்டிருக்கு. அவ்வளவு மோசமாவா இருந்தேன்?"

செல்லப்பாண்டி என்னைப் பார்த்தார். டாக்டரம்மா என்றால் சட்டென்று ஏதாவது சொல்லியிருப்பார். நான் டார்ச்சைப் பையன் கையில் கொடுத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"அது உன்னைப் பத்தி எழுதினது இல்லம்மா."

"பின்ன யாரப் பத்தி?"

"என்னைப் பத்தி. ஒரு சின்னப் பிள்ள ரெண்டு தடவை வந்து விவரமாச் சொல்லுச்சு. நான்தான் ஒத்துழைக்கல."

அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. ஷீட்டை மூடி வைத்தாள். சார்ட்டிலிருந்து இருபதடி தள்ளிப் போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து, நான் சொல்லாமலேயே வலது கண்ணை உள்ளங்கையால் நன்றாகப் பொத்திக்கொண்டாள்.

"இதுலருந்தே ஆரம்பிக்கவாக்கா?" என்று கேட்டுவிட்டு, கடைசிக்கு முந்தின வரிசையைப் படித்தாள்.